பிரெஞ்சு ஆம்பர்ஃபெ: விகுதி ஆறு, வேலை மூன்று

“காலையில் எழுந்தேன், குளித்தேன், கடைக்குப் போனேன்” என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு நாளின் கதை என்று புரிந்துகொள்கிறோம். அதையே “காலையில் எழுந்திருப்பேன், குளிப்பேன், கடைக்குப் போவேன், அதெல்லாம் அந்தக் காலம்” என்று சொன்னால், பல வருடப் பழக்கம் என்று புரிகிறது. இரண்டுமே முடிந்துபோன கதைதான். ஆனால் இரண்டாவதில், இலக்கணப் புத்தகம் எதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கும் ‘குளிப்பேன்’, ‘போவேன்’ வந்து பழங்கதை சொல்கின்றன. தமிழ் பேசும் யாருக்கும் இதில் தடுமாற்றம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளைகூட “எங்க தாத்தா தினமும் கதை சொல்லுவாரு” என்று பிசகாமல் சொல்லிவிடும்.

பிரெஞ்சில் இந்த ‘போவேன்’ வேலையைச் செய்யும் காலத்தின் பெயர் ஆம்பர்ஃபெ. ‘போனேன்’ வேலையைச் செய்வது பஸே கொம்போஸே. வகுப்பில் பெரும்பாலும் பஸே கொம்போஸே முதலில் வரும். எந்த வினைக்கு எந்தத் துணைவினை, எச்சத்தில் பெண்பால் ‘ஈ’ போட வேண்டுமா, பன்மை ‘எஸ்’ போட வேண்டுமா என்று அதில் மல்லாடி முடித்தவர்களுக்கு ஆம்பர்ஃபெ பெரிய ஆறுதல். துணைவினை கிடையாது. ஒரே சொல். விதிக்குக் கட்டுப்படாத வினை ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்து படித்தால் ஒரு மாலையில் அமைப்பு கைக்கு வந்துவிடும். அதை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கிற சங்கதி.

அப்படி இழுப்பதற்குப் பாதிக் காரணம் நாம் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பதுதான் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்ற ஒரே வடிவம் நேற்று ஒருமுறை போனதற்கும் வரும், சின்ன வயதில் தினமும் போனதற்கும் வரும். அதைப் பார்த்து எந்தப் பிரெஞ்சுக் காலம் என்று முடிவுசெய்ய முடியாது. தமிழ் பல இடங்களில் முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம்.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. கீழே பிரெஞ்சுச் சொற்களை ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். ‘ஓன்’, ‘ஆன்’ என்று முடியும் இடங்களில் ‘ன்’ மூக்கொலி மட்டுமே; நாக்கு மேலே போய் ஒட்டாது. எழுத்துக்கூட்டு வருகிற இடங்களில் நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களையே வைத்திருக்கிறேன்.

வடிவம்

நிகழ்காலத்தில் ‘நூ’ வடிவத்தை, அதாவது ‘நாங்கள்’ வடிவத்தை எடுங்கள். அதன் வாலில் இருக்கும் ஓ-என்-எஸ் என்ற மூன்று எழுத்தை வெட்டுங்கள். மிச்சமிருப்பதுதான் பகுதி. அதில் ஆம்பர்ஃபெ விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது.

‘பேசு’ என்ற பொருள்தரும் ‘பர்லே’ என்ற வினையில் பார்ப்போம். ‘நூ பர்லோன்’ என்றால் நாங்கள் பேசுகிறோம். வாலை வெட்டினால் ‘பர்ல்’ மிஞ்சுகிறது.

ஜ பர்லெ (நான்): ஏ-ஐ-எஸ்
த்யு பர்லெ (நீ): ஏ-ஐ-எஸ்
இல் பர்லெ, எல் பர்லெ, ஓன் பர்லெ (அவன், அவள், பொதுவாக ‘நாம்’): ஏ-ஐ-டி
நூ பர்லியோன் (நாங்கள்): ஐ-ஓ-என்-எஸ்
வூ பர்லியே (நீங்கள்): ஐ-ஈ-இசட்
இல் பர்லெ, எல் பர்லெ (அவர்கள்): ஏ-ஐ-ஈ-என்-டி

எழுத்தில் ஐந்து விதம், காதுக்கு மூன்றே. ‘நான்’, ‘நீ’, ‘அவன்’, ‘அவர்கள்’ நான்குக்கும் ஒரே ‘பர்லெ’. கடைசி விகுதியில் ஐந்து எழுத்து இருந்தும் கேட்பது ஓர் உயிரொலிதான். அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ‘நூ’வுக்குப் பதில் ‘ஓன்’தான் அதிகம் சொல்வார்கள். ஆக, பேச மட்டும் போதும் என்றால் ‘பர்லெ’, ‘பர்லியே’ என்ற இரண்டு ஒலியை வைத்துக்கொண்டே பெரும்பாலும் சமாளிக்கலாம். எழுத உட்காரும்போதுதான் ஆறு வரியும் தேவைப்படும்.

சொல்வதெழுதுவதில் ஒரு கண்ணி உண்டு. பெயர்வினை (அகராதியில் இருக்கும் மூல வடிவம்) ‘பர்லே’யும் இறந்தகால எச்சம் ‘பர்லே’யும் வாயை ஒடுக்கிச் சொல்வது, ‘ஜ பர்லெ’ வாயைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது. தென் பிரான்சில் பலர் இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை. ஆகவே காதை மட்டும் நம்பி எழுதாமல், முன்னால் எழுவாய் மட்டும் இருக்கிறதா, துணைவினையும் நிற்கிறதா என்று பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

‘எ’ ஒலிக்கு ஏன் ஏ-ஐ-எஸ் என்று இத்தனை எழுத்து? முன்பு அதுவும் இப்படி இல்லை. ஓ-ஐ-எஸ் என்றுதான் எழுதினார்கள். உச்சரிப்பு மாறிய பிறகும் எழுத்து பழையபடியே கிடந்தது. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் வோல்த்தேர் ஏ-ஐ எழுத்துக்காக வாதாடினார். பிரெஞ்சு அகாடமி 1835இல் வெளியிட்ட அகராதியில்தான் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய அச்சுப் புத்தகம் கையில் கிடைத்தால், ஆம்பர்ஃபெ வினைகளெல்லாம் ‘ஓ’ போட்டு நிற்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

இரண்டாம் வகை வினைகளில்தான் ‘நூ’ வடிவத்தின் அருமை தெரியும். ‘முடி’ என்ற பொருளில் ‘ஃபினிர்’. நிகழ்காலத்தில் ‘ஜ ஃபினி’ என்று சொல்கிறோம். இதைப் பார்த்துவிட்டு நேராக விகுதியை ஒட்டினால் தவறாகிவிடும். ‘நூ ஃபினிஸோன்’ என்பதில்தான் இரட்டை எஸ் வெளியே வருகிறது. ஆகவே ‘ஜ ஃபினிஸெ’, ‘நூ ஃபினிஸியோன்’, ‘வூ ஃபினிஸியே’. தேர்ந்தெடு என்ற ‘ஷுவாஸிர்’, வளர் என்ற ‘க்ராந்திர்’ எல்லாம் இதே வழி. வில் என்ற ‘வான்த்ர்’ போன்ற மூன்றாம் வகையில் ‘நூ வான்தோன்’ என்பதிலிருந்து ‘ஜ வான்தெ’. நிகழ்காலத்தில் ‘ஜ வான்’ என்று சொல்லும்போது கேட்காத ‘த’ இங்கே வாயைத் திறந்து பேசும்.

எழுத்தில் சின்னச் சின்னச் சிக்கல் மூன்று. சாப்பிடு என்ற ‘மான்ஜே’ வினையில், ‘ஜி’ எழுத்துக்குப் பின்னால் ‘ஏ’ வந்தால் ‘க’ ஒலி வந்துவிடும் என்பதற்காக நடுவில் ஓர் ‘ஈ’ செருகுவார்கள். ‘ஐ’யில் தொடங்கும் ‘நூ’, ‘வூ’ விகுதிகளுக்கு அந்த ‘ஈ’ தேவையில்லை. தொடங்கு என்ற ‘கொமான்ஸே’யில் இதே காரணத்துக்காக ‘சி’ எழுத்தின் அடியில் ஒரு கொக்கி. அதுவும் ‘நூ’, ‘வூ’ இரண்டிலும் போய்விடும். படி என்ற ‘எத்யுதியே’யில் பகுதியே ‘ஐ’யில் முடிகிறது. எனவே ‘நூ’, ‘வூ’ வடிவங்களில் இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து நிற்கும். கண்ணுக்கு உறுத்தினாலும் அதுதான் சரி. ஒன்றை அழித்தால் அது நிகழ்காலம் ஆகிவிடும்.

விதிக்கு அடங்காத ஒரே வினை ‘இரு’ என்ற ‘எத்ர்’. அதன் பகுதி ‘எத்’. ஆக ‘ஜெதெ’, ‘த்யு எதெ’, ‘இல் எதெ’. விகுதியில் மாற்றம் இல்லை. நிகழ்காலத்தில் தலைகீழாக நிற்கும் மற்ற வினைகளும் இங்கே அடங்கி நடக்கின்றன. குடி என்ற ‘புவார்’ வினைக்கு ‘நூ ப்யுவோன்’, அதனால் ‘ஜ ப்யுவெ’. மழை பெய்வதற்கு ‘நூ’ வடிவமே இல்லை என்பதால் ‘இல் ப்லெவெ’ என்பதை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

எங்கே போடுவது

ஆம்பர்ஃபெ செய்யும் முக்கிய வேலைகள் மூன்று. பழக்கம், நடந்துகொண்டிருந்த செயல், நிலை.

பழக்கத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. “சின்ன வயதில் தினமும் சாயங்காலம் பந்து விளையாடுவேன்” என்பது ‘கான் ஜெதெ ப்தி, ஜ ஜுவெ ஒ ஃபுத் தூ லே ஸுவார்’. மனதில் வரும் தமிழ் வாக்கியம் ‘வேன்’, ‘வார்’, ‘வார்கள்’ என்று முடிந்தும் பேச்சு பழங்காலத்தைப் பற்றியது என்றால், யோசிக்காமல் ஆம்பர்ஃபெ.

எதிர்மறையிலும் இந்தத் துணை கைகொடுக்கும். வழக்கமான பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாது, ஏனென்றால் அவை தமிழருக்காக எழுதப்பட்டவை அல்ல. “தாத்தா ராத்திரியில் சாப்பிட மாட்டார்” என்று பழைய வழக்கத்தைச் சொன்னால் ‘க்ரான்பெர் ந மான்ஜெ பா ல ஸுவார்’. “நேற்று ராத்திரி தாத்தா சாப்பிடவில்லை” என்றால் பஸே கொம்போஸே, ‘நா பா மான்ஜே’. ‘மாட்டார்’ ஒரு பக்கம், ‘இல்லை’ மறு பக்கம்.

நடந்துகொண்டிருந்த செயலுக்கு ‘கொண்டிருந்தேன்’ போதும். “டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது” என்பது ‘ஜ ரகார்தெ லா தெலே கான் ல தெலெஃபோன் அ ஸொனே’. பார்த்துக்கொண்டிருந்தது ஆம்பர்ஃபெ, நடுவில் வந்து விழுந்த போன் மணி பஸே கொம்போஸே. பேச்சில் ‘பாத்துட்டிருந்தேன்’ என்போம், கணக்கு மாறாது.

மூன்றாவது, நிலை. வீடு பெரியதாக இருந்தது, வெயிலாக இருந்தது, பயமாக இருந்தது, அவர் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். தமிழில் ‘ஆக இருந்தது’ என்று வந்தால் ஆம்பர்ஃபெ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ‘போட்டிருந்தார்’ மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். கோட்டு போட்டிருந்தார் என்பது பார்த்த நேரத்தில் இருந்த கோலம். அது ‘இல் போர்தெ’. “நான் போவதற்கு முன்பே சாப்பிட்டிருந்தார்” என்பதிலும் அதே ‘இருந்தார்’ இருக்கிறது. ஆனால் அது முன்னமே முடிந்துபோன செயல். அதற்குப் பிரெஞ்சில் ‘ப்ல்யு க பர்ஃபெ’ என்று வேறொரு காலம் உண்டு. ‘முன்பே’ என்ற சொல் பொருள் கெடாமல் பொருந்தினால் அது ஆம்பர்ஃபெ அல்ல.

நிலையைப் பற்றி இன்னொன்று. சினிமா பார்த்துவிட்டு வந்து, ஊருக்குப் போய்விட்டு வந்து, விருந்து முடிந்து வந்து பிரெஞ்சுக்காரர் சொல்வது ‘ஸெதெ பியான்’. “நன்றாக இருந்தது” என்பதற்கு அப்படியே இணை. தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ-2 நிலையில், எழுத்துப் பகுதியின் முதல் கேள்வி ஒரு நிகழ்வையோ அனுபவத்தையோ விவரிக்கச் சொல்லும். என்ன செய்தீர்கள் என்பதைப் பஸே கொம்போஸேயிலும், எப்படி இருந்தது என்பதை ஆம்பர்ஃபெயிலும் எழுதினாலே இரண்டு காலமும் தெரியும் என்று காட்டியாகிவிடும்.

நீளம் அல்ல, வேலி

பலர் தவறுவது இங்கேதான். நீண்ட நேரம் நடந்தால் ஆம்பர்ஃபெ, சட்டென்று முடிந்தால் பஸே கொம்போஸே என்று யாரோ எப்போதோ சொல்லிவைக்க, அது மனதில் ஊன்றிவிடுகிறது. பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை, 72 ஆண்டுகள் அரியணையில் இருந்தார். “லூயி 72 ஆண்டு ஆண்டார்” என்பதைப் பேச்சுப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ‘லூயி கதோர்ஸ் அ ரேஞே ஸுவசான்த் தூஸ் ஆன்’. பஸே கொம்போஸேதான். 72 ஆண்டு என்று முழுசாகக் கட்டி எண்ணிக்கை சொல்லியாகிவிட்டது; தொடக்கமும் முடிவும் உள்ளே அடங்கிவிட்டன. “1700இல் லூயி ஆண்டுகொண்டிருந்தார்” என்றால் ‘லூயி கதோர்ஸ் ரேஞெ’. அதே ராஜா, அதே ஆட்சி. இரண்டாவது வாக்கியத்தில் நாம் ஆட்சிக்கு நடுவே நிற்கிறோம். எப்போது முடியும் என்பது அந்த வாக்கியத்தின் கவலை அல்ல.

காலவரையறை சொல்லி வேலி கட்டிவிட்டால் ஆம்பர்ஃபெக்கு அங்கே இடமில்லை. “லியோனில் மூன்று வருடம் இருந்தேன்” என்பது ‘ஜே அபிதே ஆ லியோன் பான்தான் த்ருவா ஸான்’. “லியோனில் இருந்தபோது நிறைய நடப்பேன்” என்றால் ‘கான் ஜபிதெ ஆ லியோன், ஜ மார்ஷெ போகூ’. இந்த இடத்தில் தமிழ் முழுக்க உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இருந்தேன்’ இரண்டுக்கும் பொது. அப்போது வினைமுற்றை விட்டுவிட்டு, பக்கத்தில் எத்தனை வருடம், எத்தனை மணி, எத்தனை தடவை என்ற கணக்கு நிற்கிறதா என்று தேடுங்கள்.

பேருந்துக்காகக் காத்திருப்பதை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு மணி நேரம் காத்திருந்தேன் என்றால் ‘ஜே அதான்த்யு யுனெர்’. கணக்கு முடிந்தது. பேருந்து வந்தபோது நான் ஒரு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன் என்றால் ‘ஜதான்தெ தப்யுயி யுனெர் கான் ல ப்யுஸ் எதரிவே’. இங்கும் ஒரு மணி நேரம் வருகிறது. ஆனால் ‘தப்யுயி’ அதைத் தொடக்கத்தில் மட்டும் கட்டுகிறது. மறுமுனை திறந்தே இருக்கிறது. தமிழில் ‘நேரம்’ ‘நேரமாக’ ஆவது இதே வேலைக்குத்தான்.

வகுப்பில் தரும் அடையாளச் சொற்களின் பட்டியலையும் அளவோடு நம்புங்கள். ‘தூ லே ஜூர்’ (தினமும்), ‘ஸுவான்’ (அடிக்கடி) வந்தால் ஆம்பர்ஃபெ, ‘இயெர்’ (நேற்று) வந்தால் பஸே கொம்போஸே என்று எழுதிக் கொடுப்பார்கள். நேற்று மழை பெய்துகொண்டிருந்தது என்று சொல்ல ‘இயெர், இல் ப்லெவெ’ என்பது நல்ல பிரெஞ்சு. ‘ஸுவான்’ பஸே கொம்போஸேயோடும் சகஜமாக வரும். பட்டியல் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். முடிவு செய்வது நீங்கள்.

காலம் மாறினால் பொருளே மாறிவிடும் சில வினைகள் உண்டு. அவற்றை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. ‘ஜ ஸவெ’ என்றால் எனக்குத் தெரியும், அப்போதே தெரிந்துதான் இருந்தது. ‘ஜே ஸ்யு’ என்றால் தெரியவந்தது, தெரிந்துகொண்டேன். ‘ஜவெ பெர்’ பயமாக இருந்தது. ‘ஜே யு பெர்’ பயந்துவிட்டேன். தமிழில் ‘விட்டேன்’, ‘கொண்டேன்’, ‘வந்தது’ சேர்ந்தால் பஸே கொம்போஸே பக்கம் சாயுங்கள். (‘கொண்டிருந்தேன்’ வேறு, ‘கொண்டேன்’ வேறு; அவசரத்தில் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

இப்போது இதைப் படித்துப் பாருங்கள்: “மழை பெய்துகொண்டிருந்தது. நிலையம் காலியாக இருந்தது. நான் ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தாள், மணி கேட்டாள், சொன்னேன். கையில் பச்சைக் குடை வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது.” மழை, நிலையம், காத்திருப்பு, குடை, பேச்சு எல்லாம் ஆம்பர்ஃபெ. வந்தாள், கேட்டாள், சொன்னேன், ரயில் வந்துவிட்டது, இவை பஸே கொம்போஸே. ஆம்பர்ஃபெ வாக்கியங்களை மட்டும் நீக்கிவிட்டுப் படித்தால் கதை நகரும், ஆனால் எங்கே எப்படி என்று தெரியாது. மற்றதை நீக்கினால் கதையே நகராது. சொந்தமாக எழுதிப் பழக விரும்புபவர்கள், முதலில் இப்படித் தமிழில் ஆறேழு வரி எழுதி, வினைமுற்றுகளை வட்டமிட்டுவிட்டுப் பிறகு பிரெஞ்சுக்குப் போகலாம். வகுப்பில் தமிழ் கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

பத்திரிகை படிக்கத் தொடங்கியதும் ஒன்று குழப்பும். தேதி போட்டு, ஒரே ஒருமுறை நடந்து முடிந்த சம்பவத்தை, உதாரணமாக 1789 ஜூலை 14இல் பாஸ்தீய் (பாஸ்டில்) கோட்டை விழுந்ததை, ஆம்பர்ஃபெயில் எழுதியிருப்பார்கள். விதி பொய்த்துவிடவில்லை. அது செய்திக்கும் வரலாற்றுக்கும் ஒரு கனம் சேர்க்கும் எழுத்து நடை. படித்துப் புரிந்துகொண்டால் போதும், தேர்வுத்தாளில் பயன்படுத்த வேண்டாம்.

பழங்கதையோடு தொடர்பே இல்லாமலும் ஆம்பர்ஃபெ வரும். ‘ஜ வுலெ வூ தமான்தே’ என்று ஒருவர் தொடங்கினால், நேற்றைய விஷயம் அல்ல. இப்போதுதான், உங்களிடம்தான் ஏதோ கேட்கப்போகிறார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்று நாம் இறந்தகாலத்தில் குழைவதைப் போன்ற மரியாதை அது. ‘ஸி’ (ஆல்) சேர்ந்தால் யோசனையாகவும் மாறும்: ‘ஸி ஓன் மான்ஜெ தஓர்?’ வெளியே சாப்பிடலாமா?

அதே ‘ஸி’, நடக்காததைக் கற்பனை செய்யவும் ஆம்பர்ஃபெயைக் கேட்கும். ‘ஸி ஜவெ ல தான், ஜ வுவாயாஜரெ’: நேரம் இருந்தால் ஊர் சுற்றுவேன். பின்பாதியில் வரும் ‘வுவாயாஜரெ’ நிபந்தனை வினை. பெரும்பாலான வினைகளில் முழுப் பெயர்வினையை எடுத்து ஆம்பர்ஃபெ விகுதிகளை ஒட்டினால் கிடைப்பதுதான் அது. ஆறு விகுதியைப் படித்தவருக்கு அடுத்த பாடம் பாதி இலவசம். தமிழில் பின்பாதி ‘சுற்றுவேன்’ என்று முடிவதால், நம்மவர்கள் முன்பாதியிலும் நிபந்தனை வினையைப் போட ஆசைப்படுவார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளும் இதே தவறைச் செய்வதால் அங்கே பள்ளிகளில் ஒரு சிலேடை சொல்லித் தருகிறார்கள்: ‘லே ஸி நெம் பா லே ரெ’. ‘ஸி’க்கு ‘ரெ’ பிடிக்காது. காதுக்கு அதுவே “ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது” என்றும் கேட்கும்.